ஹெவி மெட்டல் இசையும் ஆவிகளைப் பகுத்தறிதலும்

மேலைநாட்டு இசை வகைகளுள் ஹெவி மெட்டல் என வழங்கும் 'கன உலோக' இசையைப் போலச் சமயத்தாரின் கண்டனத்துக்குத் தொடர்ந்து ஆளானவை மிகச் சிலவே. அது பிசாசை வணங்கும் இசை, இளைஞரைத் தற்கொலைக்கும் கொலைக்கும் தூண்டும் இசை என்னும் குற்றச்சாட்டுகள் அரை நூற்றாண்டாக எழுப்பப்பட்டு வருகின்றன. இவற்றுள் சில மேடைப் பிரசங்கத்தோடு நின்றன. சில பாராளுமன்றக் குழுவின் முன்பும் நீதிமன்றத்தின் முன்பும் சென்று சோதிக்கப்பட்டன. அவ்விசையின் வரலாற்றிலுள்ள சில முக்கிய கட்டங்களை எடுத்து, குற்றச்சாட்டு எங்கே பொய்த்தது, எங்கே மெய்யானது, அதனால் யார் துன்புற்றனர் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இசையைப் பாராட்டுவதோ பழிப்பதோ நம் எண்ணமன்று. ஒன்றைத் தீர்க்குமுன் அதைக் கேட்டறிய வேண்டும் என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது.

1. தொழிற்சாலையில் பிறந்த ஓசை

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம் உலோகத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அதன் ஆஸ்டன் பகுதியில், இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களிடையே வளர்ந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் நால்வர் 1968-இல் ஓர் இசைக்குழுவைத் தொடங்கினர். டோனி ஐயோமி, கீசர் பட்லர், ஆஸி ஆஸ்போர்ன், பில் வார்ட் என்போர் அந்நால்வர். அடுத்த ஆண்டில் அக்குழு 'பிளாக் சாபத்' என்னும் பெயரை ஏற்றது. 'கறுப்பு ஓய்வுநாள்' எனப் பொருள்படும் இப்பெயர், 1963-இல் வெளிவந்த இத்தாலியத் திகில் படம் ஒன்றின் ஆங்கிலத் தலைப்பிலிருந்து எடுக்கப்பட்டதேயன்றி எந்த வழிபாட்டுச் சடங்கிலிருந்தும் எடுக்கப்பட்டதன்று. காசு கொடுத்து அஞ்சுவதற்காக மக்கள் திரைப்படத்துக்குச் செல்வார்களாயின், அச்சமூட்டும் இசையையும் கேட்பார்கள் அல்லவா என்பதே அவ்விளைஞரின் எண்ணம்.

கித்தார் இசைத்த ஐயோமி, பதினேழு வயதில் ஒரு தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தார். 1965-இல், இசையையே தொழிலாகக் கொள்ளும் நோக்குடன் வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளில், அவருடைய வலக்கையின் நடுவிரலும் மோதிர விரலும் இயந்திரத்தில் சிக்கி நுனிகளை இழந்தன. இடக்கைப் பழக்கமுடைய அவருக்குத் தந்திகளை அழுத்தும் கை வலக்கையே. இனி வாசிக்க இயலாது என்று மனமொடிந்திருந்தபோது, ஆலையின் மேலாளர் ஒருவர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் செய்தார். தீ விபத்தில் இரண்டு விரல்களின் இயக்கத்தை இழந்தும் தலைசிறந்து விளங்கிய கித்தார் கலைஞர் ரைன்ஹார்ட். ஊக்கமுற்ற ஐயோமி, பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்நுனிக்கு உறைகள் செய்து, அவற்றின்மேல் தோலை ஒட்டிக்கொண்டு மீண்டும் வாசிக்கத் தொடங்கினார்.

இவ்விபத்துக்கும் அவ்விசையின் தன்மைக்கும் தொடர்பு உண்டு. உறையிட்ட விரல்களால் இறுகிய தந்திகளை அழுத்துவது கடினம். ஆகவே அவர் மெல்லிய தந்திகளைப் பூட்டினார். 1971-இல் வெளிவந்த மூன்றாம் தொகுப்பில் பல பாடல்களுக்குத் தந்திகளை மூன்று அரைச்சுரம் தளர்த்தினார். ஓசை தாழ்ந்து கனத்தது. மின்கித்தாரின் ஒலியை ஒலிபெருக்கி தாங்கும் அளவுக்கு மேல் செலுத்தினால் அது சிதைந்து, அதில் இல்லாத மேற்சுரங்கள் பல தோன்றும். அந்நிலையில் மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒலித்தால் குழப்பமே மிஞ்சும். சட்ஜமும் பஞ்சமமும் ஆகிய இரண்டை மட்டும் சேர்த்து ஒலித்தாலோ அவை ஒன்றையொன்று தாங்கிப் பெருகி நிற்கும். தம்புராவின் சுருதியைக் கேட்டுப் பழகியோர் இதை எளிதில் உணரலாம். ஹெவி மெட்டலின் அடித்தளம் இவ்விரு சுரக் கூட்டே.

1969 அக்டோபரில் ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட முதல் தொகுப்பு, 1970 பிப்ரவரி 13 வெள்ளிக்கிழமையன்று வெளிவந்தது. மழையும் இடியும் ஆலய மணியும் ஒலிக்க, அதன் முதற்பாடல் மெதுவாக எழும்பும் மூன்று சுரங்களுடன் தொடங்குகிறது. அவற்றுள் சட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் இடையேயுள்ள இடைவெளி ஒலிக்கிறது. இவ்விடைவெளியை மேலை இசையறிஞர் சிலர் 'இசையிலுள்ள பிசாசு' என்று பெயரிட்டிருந்தனர். இடைக்காலத் திருச்சபை இதைத் தடைசெய்து பாடினோரைத் தண்டித்தது என்று பலர் எழுதியுள்ளனர். அதற்கு ஆதாரம் இல்லை. மேலைச் சேர்ந்திசையில் அவ்விடைவெளி தவிர்க்கப்பட்டது, பாடுதற்குக் கடினமாகவும் செவிக்கு அமைதியின்றியும் இருந்தமையால். நம் கர்நாடக இசையிலோ எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களுள் சரிபாதி பிரதி மத்திமம் உடையவை. கல்யாணி ராகத்தில் தீமை குடியிருப்பதாக யாரும் கூறியதில்லை. ஐயோமிக்கு அச்சுரங்கள் தோன்றுவதற்குத் தூண்டுதலாயிருந்தது, பட்லர் அப்போது வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஹோல்ஸ்ட் என்னும் ஆங்கில இசையமைப்பாளரின் செவ்வாய்க்கோள் பற்றிய இசை. அது போரைக் குறிப்பது.

2. இருளைப் பாடுதல் இருளை வணங்குதலா?

முதல் தொகுப்பின் உட்புறத்தில் தலைகீழ்ச் சிலுவை ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. அதை அமைத்தவர்கள் இசைத்தட்டு நிறுவனத்தார். குழுவினரைக் கேட்டுச் செய்யப்பட்டதன்று. இருப்பினும் அது குழுவின் அடையாளமாகிவிட்டது. குழுவினர் தம் கழுத்தில் நேரான சிலுவைகளையே அணிந்தனர். அவற்றைச் செய்து கொடுத்தவர் ஆஸ்போர்னின் தந்தை.

பாடல்களை எழுதிய கீசர் பட்லர் அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1970-இல் அவர் எழுதிய 'வார் பிக்ஸ்' என்னும் பாடல் வியட்நாம் போர்க்காலத்துப் பாடல். ஏழைகளைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டுத் தாம் ஒளிந்திருக்கும் தலைவர்கள் நியாயத்தீர்ப்பு நாளில் மண்டியிட்டு இரக்கம் கேட்பதாக அது முடிகிறது. 1971-இன் 'ஆஃப்டர் ஃபாரெவர்', மரணத்துக்குப்பின் ஆத்துமாவின் நிலையைப் பற்றி எண்ணாமல் கடவுளை ஏளனம் செய்வோரை நோக்கி எழுப்பப்பட்ட கேள்வி. பிசாசின் குழு எனப் பெயர்பெற்றோர் பாடியவை இவை.

1982-இல் அயர்ன் மெய்டன் குழு 'மிருகத்தின் எண்' எனப் பொருள்படும் தொகுப்பை வெளியிட்டபோது அமெரிக்காவில் அவர்களுடைய இசைத்தட்டுகள் எரிக்கப்பட்டன. தலைப்புப் பாடலின் முன்னுரையாக வாசிக்கப்படுவது வெளிப்படுத்தின விசேஷத்தைத் தழுவிய பகுதி. பாடலோ, தீய கனவு கண்டவன் ஒருவனின் அச்சத்தைச் சொல்வது. அதே தொகுப்பின் இறுதிப் பாடல், தூக்குமேடைக்குச் செல்லுமுன் ஒரு கைதியின் உள்ளத்தில் எழும் போராட்டத்தைக் கூறுகிறது. அதன் தலைப்பு கர்த்தருடைய ஜெபத்திலிருந்து எடுக்கப்பட்டது. எரித்தவர்கள் இதைக் கேட்டிருந்தனரா என்பது ஐயமே.

எல்லாப் பாடல்களும் இத்தகையன என்று நாம் கூறவில்லை. போதையையும் வன்முறையையும் புகழும் பாடல்கள் உண்டு. பெண்களை இழிவுபடுத்தும் பாடல்களும் உண்டு. சில குழுக்கள் அதிர்ச்சியை விற்பனைச் சரக்காகக் கொண்டன. ஆனால் நேர்மையான துயரத்தின் குரலும் இதில் கலந்துள்ளது. மெட்டாலிகா குழுவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் பெற்றோர், மருத்துவத்தைத் தவிர்த்து ஜெபத்தையே நம்பும் கிறிஸ்தவ விஞ்ஞானம் என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அவர் தாய் புற்றுநோயால் மருத்துவமின்றி இறந்தபோது அவருக்கு வயது பதினாறு. 1991-இல் வெளிவந்த அவர் பாடல் ஒன்று, 'தவறிப்போன தெய்வம்' என்று பொருள்படும் தலைப்புடையது. இதைத் தெய்வ நிந்தனை என்று ஒதுக்குவது எளிது. எனினும் எண்பத்தெட்டாம் சங்கீதத்தைத் திருமறையில் வைத்திருக்கும் நாம், ஆறுதல் சொல் ஏதுமின்றி இருளிலேயே முடியும் ஜெபமும் ஜெபமே என்பதை மறத்தலாகாது.

3. செனட் குழுவின் முன்

1985-இல் அமெரிக்கத் தலைநகரில், அரசியல் தலைவர்களின் மனைவியர் சிலர் சேர்ந்து, பிள்ளைகள் கேட்கும் பாடல்களைப் பற்றிப் பெற்றோரை எச்சரிக்க ஓர் அமைப்பை உண்டாக்கினர். டிப்பர் கோர் அவர்களுள் ஒருவர். பாலியல், வன்முறை, போதை, மாந்திரீகம் ஆகியவற்றைக் காட்டி அவர்கள் பட்டியலிட்ட பதினைந்து பாடல்களுள் பெரும்பான்மை ஹெவி மெட்டலைச் சார்ந்தவை. அவ்வாண்டு செப்டம்பர் 19 அன்று செனட் குழு இதை விசாரித்தது.

சாட்சி சொல்ல வந்தவர்களுள் ஒருவர் ட்விஸ்டட் சிஸ்டர் குழுவின் பாடகர் டீ ஸ்னைடர். நீண்ட கலைந்த முடியும் கையற்ற மேலாடையுமாக வந்த அவர், தாம் கிறிஸ்தவராக வளர்க்கப்பட்டு இன்றும் அந்நெறியில் நிற்பவர் என்றும், புகையும் மதுவும் போதையும் தொடாதவர் என்றும் கூறினார். தம் பாடல் ஒன்று கொடிய பாலியல் வன்முறையைக் குறிப்பதாகச் சொல்லப்பட்டதை மறுத்தார். குழுவின் கித்தார் கலைஞருக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடக்கவிருந்தபோது அவருக்குண்டான அச்சத்தைப் பற்றியே அப்பாடல் எழுதப்பட்டது என்றார். அவரவர் தேடியதையே அவரவர் அதில் கண்டனர் என்பது அவருடைய விளக்கத்தின் சாரம்.

பெற்றோரின் கவலை பொருளற்றது என்று நாம் கூற மாட்டோம். பிள்ளைகள் எதைக் கேட்கிறார்கள் என்பதை அறியும் உரிமை பெற்றோருக்கு உண்டு. அவ்விசாரணையின் விளைவாக இசைத்தட்டு நிறுவனங்கள் எச்சரிக்கை வாசகம் ஒட்ட இசைந்தன. 1990-இல் அது ஒரே வடிவம் பெற்றது.

4. ரீனோ நீதிமன்றத்தில்

1985 டிசம்பரில், நெவாடா மாநிலத்தில் இளைஞர் இருவர் மது அருந்தி, ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் இசைத்தட்டைப் பல மணி நேரம் கேட்டபின், ஒரு சபையின் விளையாட்டுத் திடலுக்குச் சென்று தம்மைத் தாமே சுட்டுக்கொண்டனர். ஒருவர் அங்கேயே இறந்தார். மற்றவர் முகம் சிதைந்து உயிர்தப்பி, மூன்றாண்டுகளுக்குப்பின் இறந்தார். அவர்களுடைய குடும்பத்தார், 1978-இல் வெளிவந்த அத்தொகுப்பின் ஒரு பாடலில் 'செய்' என்னும் கட்டளை செவிக்குப் புலப்படாதவாறு மறைத்து வைக்கப்பட்டுள்ளது என்று வழக்குத் தொடுத்தனர்.

1990 கோடையில் ரீனோ நகரில் நடுவர் குழுவின்றி, நீதிபதி ஒருவரே வழக்கை விசாரித்தார். பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் சாட்சிக் கூண்டில் பாடிக் காட்டினார். தம் பாடல்களைத் தலைகீழாக ஓட்டிக் கேட்டதில், நாற்காலி உடைந்ததைத் தாயிடம் சொல்வது போன்ற அபத்தச் சொற்களும் கிடைப்பதை எடுத்துக்காட்டினார். மறைபொருள் தேடும் செவிக்கு எதுவும் கிடைக்கும் என்பது அதன் உட்பொருள். 1990 ஆகஸ்ட் 24 அன்று நீதிபதி தீர்ப்பளித்தார். அவ்வொலி கேட்கப்படுவது உண்மையே. ஆனால் பாடகர் மூச்சுவிடும் ஓசையும் கித்தாரின் ஓசையும் தற்செயலாக ஒன்றியதால் அது உண்டானது. மறைந்த ஒலி ஒருவரை அத்தகைய செயலுக்குத் தூண்டும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று கூறி வழக்கைத் தள்ளினார்.

அவ்விளைஞரின் வாழ்க்கையும் விசாரணையில் வெளிப்பட்டது. வீட்டில் அடியும் சச்சரவும், பள்ளியில் தோல்வி, வேலையின்மை, குடி ஆகியவற்றால் அவர்கள் ஏற்கெனவே நொறுங்கியிருந்தனர். மறைந்திருக்கும் ஒரு சொல்லைத் தேடி வல்லுநர்கள் பல நாள் செலவிட்டனர். மறையாமல் வெளிப்படையாயிருந்த துன்பத்தை, அவர்கள் உயிரோடிருந்தபோது கேட்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. இவ்வழக்கில் நம் உள்ளத்தைத் தைப்பது இதுவே.

5. சந்தேகத்தின் விலை

1993 மே மாதத்தில் அர்க்கன்சா மாநிலத்தின் வெஸ்ட் மெம்ஃபிஸ் என்னும் ஊரில் எட்டு வயதுச் சிறுவர் மூவர் கொலையுண்டனர். அது பிசாசு வழிபாட்டுப் பலி என்னும் வதந்தி பரவியது. பதின்ம வயதினர் மூவர் கைதாயினர். அவர்களுள் அறிவுவளர்ச்சி குன்றிய ஒருவரிடம் பல மணி நேர விசாரணைக்குப்பின் பெறப்பட்ட வாக்குமூலம், நிகழ்ச்சியின் உண்மைகளோடு பல இடங்களில் முரண்பட்டது. மற்றொருவருக்கு எதிராகக் காட்டப்பட்டவை கறுப்பு உடை, திகில் நாவல்கள், அவர் எழுதிவைத்திருந்த மெட்டாலிகா பாடல் வரிகள் போன்றவை. 1994-இல் அவருக்கு மரண தண்டனையும் மற்ற இருவருக்கு ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டன.

1996-இல் வெளிவந்த ஆவணப்படம் ஒன்று இவ்வழக்கின் குறைகளை உலகுக்குக் காட்டியது. மெட்டாலிகா குழுவினர் தம் இசையை அப்படத்தில் பயன்படுத்த இசைவளித்தனர். 2007-இல் வெளியான மரபணுச் சோதனை முடிவுகள் அம்மூவரையும் நிகழ்விடத்தோடு பிணைக்கவில்லை. 2011 ஆகஸ்ட் 19 அன்று, தாம் குற்றமற்றோர் என்று கூறிக்கொண்டே அரசுத்தரப்பிடம் போதிய சான்று உள்ளது என்று ஒப்புக்கொள்ளும் ஒரு சட்ட ஏற்பாட்டின்படி அவர்கள் விடுவிக்கப்பட்டனர். அப்போது அவர்கள் சிறையில் பதினெட்டு ஆண்டுகளைக் கழித்திருந்தனர். பிள்ளைகளை இழந்த பெற்றோருக்கோ ஐயமற்ற விடை கிடைக்கவில்லை.

இத்தகைய அச்சம் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. 1997-இல் எகிப்தில் இவ்விசையைக் கேட்ட இளைஞர் ஏறத்தாழ நூறுபேர் பிசாசு வழிபாட்டினர் என்று கைதாகிப் பின்னர் விடுவிக்கப்பட்டனர். 2003-இல் மொராக்கோவில் பதினால்வருக்கு இத்தகைய குற்றச்சாட்டின்மேல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது; மக்கள் எதிர்ப்புக்குப்பின் மேல்முறையீட்டில் பெரும்பாலோர் விடுதலை பெற்றனர்.

6. நார்வேயில் எரிந்த ஆலயங்கள்

இதுவரை பொய்த்த குற்றச்சாட்டுகளைக் கண்டோம். மெய்யான ஒன்றையும் மறைக்காமல் கூறவேண்டும். நார்வே நாட்டின் பெர்கன் நகருக்கருகே ஃபாண்டாஃப்ட் என்னுமிடத்தில் ஒரு மர ஆலயம் இருந்தது. ஏறத்தாழ 1150-இல் வேறோர் ஊரில் கட்டப்பட்ட அதை, இடிக்கப்படாமல் காக்கும்பொருட்டு 1883-இல் பெயர்த்துக்கொண்டுவந்து அங்கே நிறுவியிருந்தனர். எண்ணூறு ஆண்டுகள் நின்ற அவ்வாலயம் 1992 ஜூன் 6 அன்று தீக்கிரையாயிற்று. தொடர்ந்து பல ஆலயங்கள் எரிக்கப்பட்டன.

'பிளாக் மெட்டல்' எனப்படும் உட்பிரிவைச் சேர்ந்த சிறு கூட்டத்தினரே இதற்குப் பின்னணியில் இருந்தனர். முன்னோர் வெறும் மேடை வேடமாகக் கொண்ட சின்னங்களை இவர்கள் கொள்கையாகக் கொண்டனர். சாம்பலான ஃபாண்டாஃப்ட் ஆலயத்தின் படம் 1993-இல் ஓர் இசைத்தட்டின் அட்டையாக வெளிவந்தது. அதை வெளியிட்ட வார்க் விக்கர்னெஸ், அவ்வாண்டு ஆகஸ்டில் மேஹெம் குழுவின் கித்தார் கலைஞரைக் குத்திக் கொன்றார். 1994-இல் கொலைக்காகவும், மூன்று ஆலயங்களை எரித்ததற்காகவும் இருபத்தோராண்டு சிறைத்தண்டனை பெற்றார். ஃபாண்டாஃப்ட் ஆலயம் எரிந்ததற்கு அவரைக் குற்றவாளியாக நீதிமன்றம் தீர்க்கவில்லை. அவ்வாலயம் முன்னிருந்த வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டு 1997-இல் நிறைவெய்தியது.

சின்னம் விளையாட்டாகவே என்றும் நின்றுவிடும் என்று எண்ணுவோருக்கு இது எச்சரிக்கை. ஆயினும் அங்கு நீதிமன்றம் தண்டித்தது கறுப்பு உடையையோ இசையையோ அன்று, செயலைத்தான். வெஸ்ட் மெம்ஃபிஸில் தவறியது இவ்வேறுபாடே.

7. ஹெல்சிங்கியில் ஓர் ஆராதனை

ஆலயத்துக்கும் இவ்விசைக்கும் இடையே வேறொரு வரலாறும் உண்டு. 1986-இல் ஸ்டிரைப்பர் என்னும் அமெரிக்கக் குழு கிறிஸ்தவ நம்பிக்கையை இவ்விசையிலேயே பாடிப் பெரும்புகழ் பெற்றது. ஏசாயா 53-ஆம் அதிகாரத்தில் வரும் 'தழும்புகள்' என்னும் கருத்தோடு தம் பெயரை இணைத்துக்கொண்ட அவர்கள், கூட்டத்தினரிடையே வேதாகமங்களை எறிவது வழக்கம். அவர்களையும் சில பிரசங்கியார் சாடினர் என்பது குறிப்பிடத்தக்கது.

இதனினும் ஆழமான முயற்சி பின்லாந்தில் நடந்தது. அங்கு ஹெவி மெட்டல் பரவலாகக் கேட்கப்படும் இசை. 2006-இல் ஹெல்சிங்கியில் நடந்த மெட்டல் இசைவிழாவையொட்டி, பாறையைக் குடைந்து கட்டப்பட்ட டெம்பெலியாக்கியோ ஆலயத்தில் 'மெட்டல் ஆராதனை' முதன்முறையாக நடத்தப்பட்டது. அதில் புதிய வழிபாட்டு முறை எதுவும் புனையப்படவில்லை. லுத்தரன் சபையின் வழக்கமான ஆராதனை ஒழுங்கும் பாட்டுப்புத்தகத்திலுள்ள பழைய ஞானப்பாட்டுகளுமே பயன்பட்டன. இசை மட்டும் இளைஞர் அறிந்த இசை. அதன்பின் இவ்வாராதனை பல ஊர்களுக்கும் சென்றது. தாழ்ந்த சுருதியும் சோகச் சாயலுமுடைய பழைய வடநாட்டு ஞானப்பாட்டுகள் கித்தாரின் கனத்த ஓசையோடு இயல்பாகப் பொருந்தியது வியப்புக்குரியதன்று.

8. பகுத்தறியும் பொறுப்பு

மேற்கூறியவற்றிலிருந்து நாம் கற்கவேண்டியவை சில. முதலாவது, ஓசை ஒன்று. அது தாங்கிவரும் சொல் வேறொன்று. அதைக் கொண்டு ஒருவர் செய்யும் செயல் மற்றொன்று. இம்மூன்றையும் ஒன்றாக்கித் தீர்ப்பிட்ட இடங்களில் அநீதி நேர்ந்தது. இரண்டாவது, இருளைப் பற்றிப் பாடுவோர் எல்லாரும் இருளை விரும்புவோர் அல்லர். விரல் இழந்தவரும் தாயை இழந்தவரும் தம் துயருக்கு ஏற்ற ஓசையைத் தேடினர். அத்துயருக்கு நம் ஆராதனைகளில் இடம் உண்டா என்பது நம்மை நோக்கி வரும் கேள்வி. மூன்றாவது, தீமை மெய்யாகவே செயல்படும்போது அதைத் தீமை என்று சொல்லத் தயங்கலாகாது. ஆனால் எங்கும் பிசாசைக் கண்டு அலறியோருடைய சொல், உண்மையான ஆபத்து வந்தபோது மதிப்பிழந்து நின்றது.

ஆவிகளைப் பகுத்தறிதல் என்பதைப் பவுல் ஒரு வரமாகக் கூறுகிறார். பகுத்தறிதல் எனின் பிரித்து அறிதல். அதற்குப் பொறுமையும் நெருங்கிக் கேட்டலும் வேண்டும். 2025 ஜூலை 5 அன்று பிளாக் சாபத் குழுவின் நால்வரும் தாம் வளர்ந்த ஆஸ்டனில் இறுதி முறையாக ஒன்றுகூடி இசைத்தனர். நடுக்குவாத நோயால் நிற்க இயலாத ஆஸ்போர்ன் இருக்கையில் அமர்ந்து பாடினார். அந்நிகழ்ச்சியின் வருவாய் அந்நோயின் ஆராய்ச்சிக்கும், அவ்வூர்ச் சிறுவர் மருத்துவமனைக்கும், மரணத்தை எதிர்நோக்கும் குழந்தைகளைப் பேணும் இல்லத்துக்கும் என ஒதுக்கப்பட்டிருந்தது. பதினேழு நாள் கழித்து அவர் மறைந்தார். அவருடைய வாழ்வில் கண்டிக்கத்தக்கவை பல இருந்தன. அவற்றை அவரே மறைக்கவில்லை. எனினும் அவரைப் பிசாசின் ஊழியன் என்று ஐம்பதாண்டுகள் சொல்லிவந்தோர், அவர் குழு பாடியவற்றுள் ஒரு பாடலையேனும் முழுவதும் கேட்டிருந்தால், அவரோடும் அவரைப் பின்பற்றிய இளைஞரோடும் பேசுவதற்கு வேறு சொற்கள் கிடைத்திருக்கும்.